கதவோரத்து எண்ணும் களத்து எண்ணும்

கார் ஓட்டுவதில் மெய்யான ஈடுபாடுள்ள இளைஞர் இருவர் சந்தித்துக்கொண்டால், எஞ்சினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் சற்று நேரம் பேசிய பிறகு, எப்படியும் ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்க வேண்டுமானால் டயரில் எத்தனை பவுண்டு காற்று வைக்க வேண்டும்? கேட்பவர் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார். பதில் சொல்பவரும் முப்பத்தாறு என்றோ நாற்பது என்றோ ஓர் எண்ணைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார். அந்த எண் எந்த வண்டிக்கு, எந்தத் தரையில், எந்த வெயிலில் பொருந்தியது என்ற விசாரணையே இல்லாமல் அது கைமாறிப் போகிறது. இதைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தை நிர்ணயிக்கும் முறையை ஒருவரிடமிருந்து ஒருவர் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். எண்ணை மட்டும் இரவல் வாங்கக் கூடாது. அதிலும் பந்தயக் களத்தில் பொருந்திய எண்ணைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவருகிறவர், தமக்கு மாத்திரமன்றி எதிரே வருகிற குடும்பத்துக்கும் தீங்கு இழைக்கிறார்.

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்காக ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் 250 கிலோ இறங்குவதாகவும், சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தத்தில் காற்று நிரப்பியிருப்பதாகவும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 110 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது. அதாவது, ஓர் உள்ளங்கையின் அளவு. டயரின் ரப்பரும் கம்பி வலையும் பாரத்தில் ஒரு பங்கைத் தாமே தாங்குவதால் இந்தக் கணக்கு முற்றிலும் துல்லியமானதல்ல என்றாலும், பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் மழையில் நழுவாமல் நிற்பதும் ஆகிய எல்லாம் இத்தகைய நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் நடக்கின்றன என்ற உண்மையை அது பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது. காற்று குறைந்தால் அந்த இடத்தின் நடுப்பகுதி தளர்ந்து, பாரம் இரு தோள்களுக்கும் ஒதுங்குகிறது. பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதால், ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே சிறிது தாமதம் உண்டாகிறது. காற்று மிகுந்தாலோ நடுப்பகுதி புடைத்துத் தரையைத் தொடும் இடம் சுருங்கிவிடுகிறது. ஸ்டியரிங் சுறுசுறுப்பாகத் தோன்றினாலும், மேடுபள்ளங்களில் சக்கரம் துள்ளுவதால், தரையோடு இருக்க வேண்டிய ரப்பர் அந்தக் கணத்தில் தரையோடு இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் பிடிமானம் உச்சத்தை அடைகிறது. அந்த இடம் வண்டிக்கு வண்டி, டயருக்கு டயர், தரைக்குத் தரை வேறுபடுவது. ஆகவேதான் அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கிறது.

அப்படித் தேடுவதற்கு உகந்த இடம் ஆட்டோகிராஸ் களம். அது எந்த மரபில் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு, வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரின் தெருக்களிலேயே நடந்த கார்ப் பந்தயத்தில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதன் பிறகு ஊர்த் தெருக்களில் பந்தயம் நடத்துவதற்கு எதிர்ப்பு வலுத்தது. பந்தயங்களை நடத்திவந்த எஸ்.சி.சி.ஏ. என்னும் சங்கம் வேறிடம் தேட நேர்ந்தபோது, விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே தம் பொறுப்பிலிருந்த விமானத்தளங்களை அதற்குத் திறந்துவிட்டார். சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளமாகிய சோழவரத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியதையும், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டதையும் நம்மவர் பலர் அறிவார்கள். வேகத்தின்மேல் ஆசை இருப்பது குற்றமன்று. அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஞானம் இரண்டு தேசங்களிலும் விமான ஓடுதளங்களின் வழியாகவே வந்து சேர்ந்தது என்பதை நான் முக்கியமான விஷயமாகக் கருதுகிறேன்.

ஆட்டோகிராஸ் அந்த மரபில் மிக எளியது. விசாலமான ஒரு திறந்த வெளியில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை அமைக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார் ஓடும். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். அமெரிக்காவின் தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரில், ஒரு பழைய விமானத்தளத்தின் கான்கிரீட் பரப்பில் நடந்துவருகிறது. அன்றாடம் ஆபீசுக்கு ஓட்டிச் செல்லும் காரையே அங்கே கொண்டுபோகலாம் என்பதுதான் அதன் விசேஷம். எஞ்சினைத் தொடாமல், பணமும் செலவழிக்காமல், ஒரு சாதாரண காரின் குணத்தை அந்த ஒரு நிமிஷத்துக்காக மாற்றக்கூடிய உபாயம் டயரிலுள்ள காற்று ஒன்றே; ஆகையால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கையில் கேஜும் காலடியில் சிறிய பம்புமாகத்தான் நிற்கிறார்கள்.

அவர்கள் செய்வதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் முன் டயரின் தோளில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சாக்குக்கட்டியாலோ வெள்ளை ஷூ பாலிஷாலோ குறுக்கே ஒரு கோடு போடுகிறார்கள். டயரைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் இப்படிப் போட்டுவிட்டு ஓட்டிவந்து நிறுத்தியதும், அந்தக் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று மண்டியிட்டுப் பார்க்கிறார்கள். பல டயர்களில் அந்தத் தோளின்மேல் ஒரு சிறிய முக்கோண அடையாளம் அச்சாகியிருக்கும். கோடு அந்த முக்கோணத்தையும் தாண்டிப் பக்கச்சுவர்வரை தேய்ந்திருந்தால், வளைவில் டயர் தன் பட்டனைவிட்டுப் பக்கவாட்டில் புரண்டிருக்கிறது என்று பொருள். காற்றை ஏற்ற வேண்டும். பட்டனின் ஓரத்திலேயே கோடு அழியாமல் நின்றிருந்தால், தோள் வேலையே செய்யவில்லை. காற்றை இறக்க வேண்டும். முக்கோணத்தின் முனையருகே கோடு முடிந்திருந்தால் இருக்க வேண்டிய இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். இரண்டிரண்டு பவுண்டாக மாற்றி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாறுதல் என்ற நியமத்தோடு, ஒவ்வொன்றையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு போகிற அந்தப் பொறுமையைக் காண்கையில், ஒரு நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதைப் பார்க்கும் மரியாதை எனக்கு உண்டாகிறது.

முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார்களில் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் முன்னாலேயே இருக்கிறது. திரும்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்று வேலையும் முன் டயர்களின் தலையில் விழுவதால், வேகமாக வளைக்கும்போது முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போவது அவற்றின் சுபாவம். சாதாரண டயரின் மெல்லிய பக்கச்சுவரைப் புரளாமல் நிறுத்துவதற்காக முன்னால் காற்றை ஏற்றுகிறார்கள். சில வண்டிகளில், உற்பத்தியாளர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குமேல் ஆறு, எட்டு பவுண்டுகூட வைக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் சோம்பலாக இழுபட்டு வந்தால், அங்கேயும் வேண்டுமென்றே ஏற்றி, பின் டயர்களின் பிடியைச் சற்றுக் குறைத்து, வண்டி சுலபமாகச் சுழலும்படி செய்கிறார்கள். ஆனால் விறைப்பான பக்கச்சுவருள்ள உயர்தர டயர்களைப் போட்டவர் இதே காரியத்தைச் செய்தால் பிடிமானத்தை இழப்பார். அவருக்குக் கதவோர எண்ணின் அருகிலேயே உச்சம் கிடைத்துவிடக்கூடும். ஒரே களத்தில், ஒரே நாளில், ஒரே மாதிரியான இரண்டு கார்கள் இப்படி ஐந்தாறு பவுண்டு வித்தியாசத்தில் நின்று இரண்டும் நன்றாக ஓடுவதுண்டு. எண்ணை இரவல் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. சக்கரங்களின் சாய்மானம் சரியில்லாமல் தோள் தேய்கிறதென்றால் அதைக் காற்றால் குணப்படுத்தவும் முடியாது. அது வேறு வியாதி.

உஷ்ணத்தின் விஷயம் இதைவிட நுட்பமானது. களத்துக்கும் சாலைக்கும் பொதுவானது. அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 30 டிகிரியில் 32 பவுண்டு வைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் கேஜில் 36க்கும் மேலாகக் காட்டும். யாரும் ஒரு சொட்டுக் காற்றும் கூடுதலாக அடிக்கவில்லை. ஆட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஏறியதை இறக்கிக்கொள்கிறார்கள். ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்டும்போது டயர் ஆறுவதற்கு அவகாசமில்லாமையால், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பில் தண்ணீரை நிரப்பி டயரின்மேல் தெளிக்கிறார்கள். அது அங்கே சரி. ஆனால் மே மாதத்து உச்சிவெயிலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு வருகிற ஒருவரின் டயர் 36 காட்டுகிறது என்பதற்காக, “காத்து ஜாஸ்தியா இருக்கு சார்” என்று பையன் 32க்கு இறக்கிவிடுவதும், காரின் சொந்தக்காரர் திருப்தியோடு போவதும் நாள்தோறும் நடக்கிற காரியம். அந்தச் சூட்டில் 32க்கு இறக்கிய டயர் மறுநாள் விடியற்காலையில் ஏறக்குறைய 28இல் நிற்கும். கதவோரத்தில் எழுதியிருப்பது, வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு அளக்க வேண்டிய குளிர்ந்த அழுத்தம். காலையில் வீட்டு வாசலில் சொந்த கேஜை வைத்து அளந்துகொள்வதற்கு ஈடான முறை வேறில்லை. பிரயாணத்தின் நடுவில் சூடான டயரில் அதிகமாகத் தெரியும் காற்றைத் தொடவே கூடாது. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கின் சூடு ரிம்முக்கும் ஏறி அழுத்தத்தை உயர்த்தும். அப்போதும் அதே விதிதான்.

இனிச் சாலைக்கு வருவோம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் நாற்பதையோ, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில், ஆனால் வண்டியின் இயக்கத்தை ரசித்துக்கொண்டு ஓட்ட விரும்புகிறவருக்கு என் யோசனை சுருக்கமானது. வண்டியைச் செய்தவர்கள் கதவோரத்தில் ஒட்டியுள்ள எண்ணோ, அதற்குமேல் இரண்டு மூன்று பவுண்டோ. அதற்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். இரண்டு மூன்று பவுண்டு ஏற்றினால் ஸ்டியரிங் சற்றுக் கூர்மையாகும், குலுக்கல் சற்றுக் கூடும். காய்ந்த சாலையில் வேறு கெடுதல் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உற்பத்தியாளர் வைத்த விகிதத்தை மாற்றவே கூடாது. களத்தில் கூம்பைச் சுற்றிவர உதவிய பின்சக்கரத்து உபாயம், மழை பெய்த மலைச்சாலையில், குழந்தைகள் பின்னால் அமர்ந்திருக்கையில், வண்டியின் வாலை வீசியடித்துப் பள்ளத்துக்குத் தள்ளக்கூடியது. எல்லை மீறினால் முன்பக்கம் நழுவட்டும், பின்பக்கம் வீசவேண்டாம் என்று செய்தவர்கள் நினைத்துத்தான் அந்த விகிதத்தை அமைத்தார்கள். சாமானிய மனிதன் பதறும்போது தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான், முன்பக்கம் நழுவுகிற வண்டி அதனால் மீளும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். டயரின் பக்கச்சுவரிலேயே 44 என்றோ 51 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதுவே வைக்க வேண்டிய அளவு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சவரம்பே தவிர, உங்கள் காருக்குச் சொன்ன அளவு அன்று.

குறைந்த காற்று மழையில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க நாசாவில் வால்டர் ஹார்ன் என்ற ஆராய்ச்சியாளர், விமானச் சக்கரங்கள் நீர் தேங்கிய ஓடுதளத்தில் எந்த வேகத்தில் தரையைவிட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்குகின்றன என்பதை 1960களில் ஆராய்ந்து, அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார். அவருடைய சூத்திரத்தின்படி 32 பவுண்டுக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 24 பவுண்டுக்குச் சுமார் 82. காரின் டயர் அகலமானது, அதன் பட்டன்களுக்கு இடையே நீர் வெளியேற வழி உண்டு என்பதால் இந்த எண்களை அப்படியே காருக்குப் பொருத்த முடியாது. ஆனால் காற்று குறையக் குறைய அபாயம் முன்னதாகவே வந்து நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. நாற்கரச் சாலையில் ஐப்பசி மழையில் 90இல் போகிற ஒருவருக்கு அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் பெரிய வித்தியாசம்.

குறைந்த காற்றின் மற்றொரு கெடுதல் உஷ்ணம். தளர்ந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் ரப்பருக்குள் சூடு சேர்ந்து, நீண்ட நேர ஓட்டத்தில் டயரின் அடுக்குகளே பிரிந்துபோகக்கூடும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்ற சம்பவத்தை நினைவுகூர வேண்டும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் அந்த டயர்களின் பட்டன் கழன்று, வண்டி உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் மாண்டார்கள். டயரின் உற்பத்தியில் குறை இருந்தது, வண்டியின் அமைப்பில் குறை இருந்தது என்று இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று சாடின. ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26 பவுண்டு. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. இந்த நான்கு பவுண்டு மாத்திரமே அத்தனை மரணங்களுக்கும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் குறைந்த காற்றும், கோடை வெயிலும், மிகுந்த பாரமும், நெடுநேர வேகமும் ஒன்றுசேரும்போது, சாலையில் நான்கு பவுண்டு அற்பமல்ல என்பதை அந்தச் சம்பவம் ஓர் அரசாங்கத்துக்கே உணர்த்தியது. அதே ஆண்டில் அமெரிக்கா சட்டம் இயற்றி, காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கைப் பின்னர் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த விளக்கு, சொல்லப்பட்ட அளவில் நாலில் ஒரு பங்கு குறைந்த பிறகு எரிந்தாலே போதும் என்பதுதான் அங்கே விதி. 32 வைக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை அது மௌனமாக இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது.

நம் நாட்டிலும் 2020 அக்டோபர் முதல், அத்தகைய எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உடைய டியூப் இல்லாத டயர் வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலேயே விற்கப்படலாம் என்று விதி வந்திருக்கிறது. ஸ்டெப்னியும் இல்லாத வண்டியில் நான்கு டயரின் ஆரோக்கியத்தைக் கவனிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய அசிரத்தை! நைட்ரஜன் நிரப்பிவிட்டேன், இனிக் கவலையில்லை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்; ஈரமில்லாத வாயு என்ற சிறு நன்மை அதற்கு உண்டென்றாலும், சூட்டில் அதுவும் விரியும், நாளடைவில் அதுவும் கசியும், அதையும் அளந்துதான் ஆக வேண்டும்.

பெட்ரோலின் அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு இருப்பதைப்போல, காற்று அடிக்கும் மெஷினின் கேஜும் சரியானதா என்று கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். வெயிலில் காய்ந்து, சிமெண்டுத் தரையில் இழுபட்டு, நாளுக்குப் பலமுறை கீழே விழுகிற ஒரு குழாயின் முனையில் உள்ள கருவி இரண்டு மூன்று பவுண்டு பிசகுவது ஆச்சரியமன்று. வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைச் சோதித்து, சோதித்த தேதியை அதன் நெற்றியிலேயே ஒட்டிவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மோட்டார் கிளப்புகளிடம் நான் கேட்பது இன்னொன்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தடங்கள் இருக்கின்றன; ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் பெரிய மைதானங்களும் இருக்கின்றன. பந்தயக்காரர்களுக்கென்று மாத்திரம் வைத்துக்கொள்ளாமல், சாதாரண காரும் ஒரு கேஜும் வைத்திருக்கிற இளைஞர்களுக்கு மாதம் ஒரு நாளாவது அவற்றைத் திறந்துவிட்டால், நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிற ஆசையைப் பகலில், கூம்புகளுக்கு நடுவே, யாருக்கும் ஆபத்தில்லாமல் தீர்த்துக்கொள்ள வழி பிறக்கும். தோளில் கோடு போட்டு டயரைப் படிக்கவும் அவர்கள் அங்கேயே பழகிக்கொள்வார்கள். வெளியேறும் வாசலருகே ஒரு கம்ப்ரெஸரை நிறுத்தி, களத்துக்காக மாற்றிய முன்பின் விகிதத்தைக் கதவோரத்து விகிதத்துக்குத் திருப்பி, சூட்டைக் கருதி நாலைந்து பவுண்டு கூடுதலாகவே வைத்த பிறகுதான் எந்த வண்டியும் சாலையில் இறங்கலாம் என்று விதித்துவிட வேண்டும். குளிர்ந்த டயரில் மிச்சத்தை மறுநாள் காலையில் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம்.